கூட்டாத தோட்டத்துக் குருவி

வெள்ளி, இரவு

செட்டிநாட்டுக்குப் போகிறேன் என்றால் வழக்கமாக இரண்டு கேள்விதான் வரும். எந்த வீட்டைப் பார்க்கப் போற, எங்கே சாப்பிடப் போற. குருவி பார்க்கப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஒருத்தர் மட்டும் "வேட்டங்குடியா?" என்றார். விவரமான ஆள். ஆனால் நான் தேடிப் போவது அந்தச் சரணாலயக் கண்மாயில் கூட்டமாக வந்து இறங்கும் பறவையை இல்லை. புதருக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டு தனியாகத் திரியும் ஆறுமணிக்குருவியை.

ஐப்பசி பிறந்த கையோடு நண்பன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் ஊர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூணோரமாக ஒரு சின்னப் பறவை. "கிளியா இது? வாலைக் காணோமே" என்று கேட்டிருந்தான். வாலைக் காணோம் என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதும். ராத்திரி முற்றத்து வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் எடுத்துவிட்டிருக்கிறார். அது பறக்கவில்லையாம். தத்தித் தத்தி வீட்டின் உள்பகுதிகளான இரண்டாங்கட்டையும் மூன்றாங்கட்டையும் தாண்டிப் பின்பக்கத் தோட்டத்துக்குள் போய்விட்டதாம். அன்றிலிருந்து சாயங்காலமானால் தோட்டத்தில் விசில் சத்தம் கேட்கிறது என்றான்.

இப்படி வீட்டுக்குள் வந்து விழுவது இந்தப் பறவைக்குப் புதிதல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாடு, கேரளம், அதையும் தாண்டி இலங்கை வரை போகும். பயணம் முழுக்க இரவில். ஐம்பது அறுபது கிராம் எடை, 19 செ.மீ. நீளம், இவ்வளவுதான் ஆள். களைத்துப் போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, மொட்டைமாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ இறங்கிவிடும். அக்டோபரில் சென்னையிலும் யாராவது ஒருத்தர் 'இது என்ன பறவை' என்று படம் போடுவார்கள்.

பல்லவனில் காரைக்குடி, அங்கிருந்து ஆட்டோ. வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோட்டைச் சுவர் மாதிரி வீடுகள், அவற்றில் விளக்கு எரிந்தது இரண்டோ மூன்றோதான். நண்பனின் அப்பத்தா முகப்பிலேயே காத்திருந்தார். ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிய வயது. "குருவி பார்க்கவா மெட்ராசிலேருந்து வந்த? சரி, முதல்ல சாப்பிடு" என்றார். இடியாப்பமும் கோசமல்லியும். இதைப் பற்றி இன்னும் எழுதினால் குருவியை மறந்துவிடுவேன்.

சனி

ஐந்தரை மணிக்கெல்லாம் மூன்றாங்கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கேணியடியில் ஒரு கல் தொட்டி, அதைத் தாண்டினால் தோட்டம். தோட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மா, புளி, வேம்பு, நாரத்தை, நடுவில் யாரும் நடாமல் தானாக வந்த கிளாவும் காரையும். சருகில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது. சுவரோரம் சரிந்த ஓடுகளும் பழைய அம்மி ஒன்றும் கிடக்கின்றன.

ஏன் இப்படிக் கிடக்கிறது என்பதற்கு ஆச்சி நேற்றிரவே விளக்கம் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சிங்கப்பூரில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம், கோயம்புத்தூரில் ஒருத்தர். வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. வெள்ளையடிக்கும் செலவையே பிரித்துக்கொள்ள ஒரு வருசம் பேச வேண்டியிருக்கிறது, தோட்டத்தைச் சுத்தம் பண்ணுவதைப் பற்றி யார் பேசுவது? பங்காளிச் சண்டையில் யாருக்கு நட்டமோ தெரியாது, குருவிக்கு நல்ல லாபம்.

ஆறாவதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் வந்தது. இரண்டே சுரம். முதலாவது நீளமாக மேலே ஏறுகிறது, இரண்டாவது சட்டென்று இறங்குகிறது. நல்ல கனமான, தெளிவான விசில். தெருப் பையன் யாரோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் அடுத்த வீட்டுத் தோட்டத்திலிருந்து அதே விசில். அதற்கும் அப்பால், பூட்டிக் கிடக்கும் இன்னொரு வீட்டிலிருந்து மூன்றாவது. தெருவில் ஆள் இல்லாத வீட்டிலெல்லாம் ஒன்று குடியிருக்கிறது போல. விடிந்ததும் நிறுத்திவிட்டன. விடியும்போதும் அடையும்போதும்தான் இதன் கச்சேரி. கார்த்திகையை ஒட்டிய இந்த நாட்களில் இந்தப் பக்கம் சூரியன் உதிப்பதும் அடைவதும் ஆறு மணியை ஒட்டித்தான் என்பதால், பெயர் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது.

இந்தப் பாட்டை யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. குயில், மைனா, கரிச்சான் என்று ஊரில் நாம் கேட்கும் பறவைகளில், மைனாவும் கரிச்சானும் குஞ்சாக இருக்கும்போதே பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகுகிற வகை. ஆறுமணிக்குருவி சேர்ந்த பிட்டா குடும்பம் வேறு கிளை. கேட்காமலே வளர்ந்தாலும் பாட்டு வந்துவிடும், பிறவியிலேயே உள்ளது.

கேட்டாயிற்று, பார்க்க வேண்டுமே. அங்கேதான் பாடு. வெயில் ஏறும் வரை உட்கார்ந்தும் தவிட்டுக்குருவிகளின் சண்டையைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணன் காபி கொண்டுவந்தவர், நான் கழுத்தை நீட்டி மரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மேல பாக்காதீக தம்பி, அது கீழதான் கெடக்கும். சருகு தானா ஆடுச்சுன்னா அங்கதான்" என்றார். எந்தப் பறவைப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அவர் சொன்னபடி கண்ணைத் தரையில் வைத்தேன். நாரத்தைக்கு அடியில் ஒரு இலை எழும்பி விழுந்தது. இன்னொன்று. காற்று இல்லை. பிறகு இலைகளுக்கு நடுவில் ஒரு கண். கறுப்புப் பட்டைக்குள் இருந்ததால் அது கண் என்று உறைக்கவே நேரமாயிற்று. பட்டைக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்கு மேலே வெளிர்பழுப்பு, உச்சியில் மறுபடி ஒரு கறுப்பு வகிடு. தொண்டை வெள்ளை. அலகால் சருகை ஒதுக்குகிறது, நின்று பார்க்கிறது, இரண்டு தாவல், மறுபடி ஒதுக்குகிறது. நடை கிடையாது, தாவல்தான். நீளமான இளஞ்சிவப்புக் கால், அதற்கு மேலே குண்டு உடம்பு, பின்னால் பெயருக்கு ஒரு துண்டு வால். அந்தத் துண்டையும் சும்மா வைத்திருக்காமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மண்புழுவை இழுத்தது. புழுவும் விடவில்லை. அந்த இழுபறியில் அது பக்கவாட்டில் திரும்பியபோதுதான் வயிறு தெரிந்தது. நெஞ்சிலிருந்து சந்தன நிறமாக வந்து, வாலடியில் குங்குமமாக முடிகிறது. தோளில் பளிச்சென்று வெளிர்நீலம். முதுகு பச்சை.

இவ்வளவு வண்ணத்தையும் வைத்துக்கொண்டு எப்படி ஒளிய முடிகிறது என்பது முன்பு எனக்குப் புரிந்ததில்லை. நேரில் பார்த்தால் தெரிகிறது. பளபளப்பெல்லாம் வயிற்றுப் பக்கம். மேலிருந்து பார்க்கும் வல்லூறுக்கோ நின்றுகொண்டு பார்க்கும் நமக்கோ கிடைப்பது பச்சை முதுகு மட்டுமே. சந்தேகம் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடுகிறது. நிழலில் அது ஒரு இலை, அவ்வளவுதான். இந்தியில் நவரங் என்கிறார்கள். ஒன்பதையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அது நிற்கவில்லை.

1766இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காக்கைப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். கோர்வஸ் பிராக்கியூரஸ், குட்டைவால் காக்கை. உயிரோடு ஒன்றையாவது பார்த்திருந்தால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. பின்னால்தான் பிட்டா என்ற தனிக் குடும்பம் ஆயிற்று.

மத்தியானம் ஆத்தங்குடி, பூ வேலைப்பாட்டுத் தரைக்கல் செய்யும் ஊர். போகாமல் வந்தால் வீட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். காலையில் பார்த்த பறவையும் இப்படித்தான் இருந்தது. கறுப்பு முடியும் இடத்தில் வெள்ளை, வெள்ளை முடியும் இடத்தில் சந்தனம், எங்கேயும் கசிவு இல்லை.

சாயங்காலம் மறுபடி தோட்டம். விசில் கேட்டது, ஆளைக் காணவில்லை. கொசு மட்டும் தாராளம்.

ஞாயிறு

காலையில் கொள்ளுக்குடிப்பட்டி. இத்தனை தூரம் வந்துவிட்டு வேட்டங்குடி சரணாலயத்தைப் பார்க்காமல் போவது சரியில்லை. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் ஊர்க்காரர்களின் காவல் அதற்கு முந்தியது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இது செய்தித்தாளில் வருசா வருசம் வரும் விசயம்தான். ஆனாலும் கரையில் நின்று, கருவேல மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் அடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது, ஒரு ஊர் முழுக்கப் பிள்ளைகளிடம் வெடி வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தோன்றத்தான் செய்கிறது.

கண்மாய்ப் பறவைக்கு ஊரே காவல் இருக்கிறது. நம் ஆள் விசயத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதற்கு யாரும் எதிரியும் இல்லை, யாருக்கும் அதைத் தெரியவும் தெரியாது. கூட்டமாக வராது, கண்ணில் படாது, எச்சம் வயலுக்கு உரமாகாது. இருப்பதற்கு அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நிழலில் கூட்டிப் பெருக்காத தரை. சருகு மக்கினால் புழுவும் பூச்சியும் கரையானும் வரும், அவை இருந்தால் இதுவும் இருக்கும். நாமோ ஒரு இடத்தை நன்றாக வைத்திருப்பது என்றாலே கூட்டிப் பெருக்குவதைத்தான் முதலில் செய்கிறோம்.

இதை எனக்கு உறைக்க வைத்தது திரும்பும் வழியில் அண்ணன் கூட்டிப்போன ஒரு அய்யனார் கோயில். ஊரை விட்டுத் தள்ளி, தைலமரத் தோப்பும் முந்திரிக்காடும் தாண்டி, செம்மண் தடத்தில் போக வேண்டும். முன்னால் வெட்டவெளியில் வரிசையாக மண் புரவிகள், சிலவற்றுக்குக் கழுத்து இல்லை. பின்னால் கோயில்காடு. நாலைந்து ஏக்கர் இருந்தால் அதிகம். உள்ளே காலெடுத்து வைத்ததும் வெயில் அறுந்துவிட்டது. வீரை, காசா, இலுப்பை, கொடிகள் பின்னிய பெரிய ஆத்தி. இந்தப் பகுதியின் பழைய காடு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை குறைவு, ஆனால் மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. சோழமண்டலக் கரையை ஒட்டி இந்த மாதிரிக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அந்தத் துண்டுகளில் பல சாமியின் பெயரில் இருப்பவை.

"உள்ள ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாது தம்பி. செருப்பக் கழட்டிருங்க" என்றார் அண்ணன். செருப்பில்லாமல் சருகில் நடந்தால் சத்தமும் குறைகிறது என்பதை அங்கேதான் கவனித்தேன்.

உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே ஒன்று பாதையைக் குறுக்காகத் தாவிப் போனது. பிறகு எழும்பித் தாழ்வாகப் பறந்தது. சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு பளீரிட்டு மறைந்தது. பறக்கும்போது மட்டும் தெரிகிற அடையாளம் இது. பிட்டா குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள். பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில், ஆப்பிரிக்காவில் இரண்டு, ஆஸ்திரேலியாவில் கொஞ்சம். ஆஸ்திரேலியாவில் ஒரு வகை, நத்தையைக் கல்லில் அடித்து உடைத்துத் தின்னும். மழைக்காட்டுத் தரைக்காகவே வாய்த்த உடம்பு. மங்கலில் பார்க்கப் பெரிய கண், சருகில் தாவ நீண்ட கால், செடிக்குள் மாட்டாத வால். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒன்று, மழையே கணக்குப் பார்த்துப் பெய்யும் சிவகங்கைச் சீமையில் ஆறு மாதம் குப்பை கொட்டுகிறது என்றால், இந்த நாலு ஏக்கர் நிழல் அதற்குப் போதுமான மழைக்காடாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதற்கு நடுவில் ஒரு எரிச்சல். கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பையிலிருந்து சின்ன புளூடூத் ஸ்பீக்கரை எடுத்துப் புதரடியில் வைத்து, குருவியின் விசிலை ஓடவிட்டார். தன் இடத்துக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து இந்தப் பறவை கிளம்பி வரும். அன்றும் வந்தது, படபடவென்று கிளைக்கு ஏறி, தலையைப் பின்னால் சாய்த்துப் பதில் கொடுத்தது. அவர்களுக்கு அருமையான படம் கிடைத்திருக்கும். அப்புறமும் நிறுத்தவில்லை. நல்ல இரை கிடைக்கும் அந்தி நேரத்தில், இல்லாத ஒரு எதிரியைத் தேடி அது அலைந்துகொண்டிருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன், "ஒரு நாளைக்குத்தானே சார்" என்றார். கடைசியில் அண்ணன்தான், "அய்யனார் எடத்துல பாட்டுப் போடக் கூடாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார். பறவை நலம் பற்றி நான் பேசியது எதுவும் எடுபடவில்லை, சாமி எடுபட்டது.

திங்கள்

விடிய விடிய மழை. வளவின் நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் இறங்கி, முற்றத்தின் மூலையில் வைத்த அண்டாக்களை நிரப்பிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் குன்றக்குடி போய்வந்தேன். மலைக்கு மயூரகிரி என்று மயிலின் பெயர், முருகன் உட்கார்ந்திருப்பதும் மயில்மேல், வழியெல்லாம் மயில். சிங்களத்தில் ஒரு நாட்டுக்கதை உண்டு: மயிலின் தோகை முன்பு ஆறுமணிக்குருவியுடையதாம், அதை மயில் எடுத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லையாம், அந்த வழக்கைச் சொல்லித்தான் குருவி இன்றும் கூவுகிறதாம். ஆச்சியிடம் சொன்னேன். "கைமாத்துக் குடுக்கும்போதே சீட்டு எழுதி வாங்கியிருக்கணும்" என்றார். கடன் கொடுத்தே கடல் தாண்டிய குடும்பம், வேறு எப்படிப் பேசுவார்?

மத்தியானம் கவுனி அரிசி. பர்மாவிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள்.

சாயங்காலம் தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஐயாவைப் பார்க்க ஆச்சி அனுப்பினார். "அவுக மலேயாவுல இருந்தவுக, குருவி கதையெல்லாம் சொல்லுவாக." சின்ன வயதில் ஈப்போவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்தில், பெட்டியடிப் பையனாக வேலைக்குப் போனவர். செல்பேசியில் என் படத்தைப் பார்த்ததும், "இது அங்கேயும் உண்டுப்பா. கார்த்திகை மாசம் ராத்திரில கிட்டங்கிக்குள்ள வந்து விழும். ஆனா இதவிட நீலம் ஜாஸ்தி" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் சொல்வது நீலச்சிறகுப் பிட்டாவாகத்தான் இருக்க வேண்டும். தாய்லாந்து, பர்மா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மலேயாவுக்கும் சுமத்ராவுக்கும் போகும். அதுவும் இரவுப் பயணிதான், அதுவும் விளக்கில் தடுமாறிக் கட்டடத்தில் மோதும். மூன்று வருசக் கணக்கு முடிந்தால்தான் ஊர் என்று கிடந்த பையனுக்கு, வருசம் தவறாமல் வந்துபோன அந்தப் பறவைமேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்ததாம்.

"ரப்பர் தோட்டத்துக்குள்ள பாத்ததில்ல. காட்டோரம்தான்" என்றும் சொன்னார். இது முக்கியமான பேச்சு. தோட்டம் என்றால் ஒரே மரம், கீழே செத்திய தரை. பிட்டாக்களில் மிகவும் நொந்துபோனது கர்னி பிட்டா. 1875இல் ஆலன் ஹியூம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் பெயர் வைத்தது, பர்மாவின் தெற்கு முனையிலும் தாய்லாந்தின் தெற்கிலும் மட்டும் உள்ளது. சமவெளிக் காட்டைத்தான் அதற்குப் பிடிக்கும், சமவெளிக் காட்டைத்தான் ரப்பருக்கும் எண்ணெய்ப்பனைக்கும் முதலில் வெட்டுவார்கள். பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல், 1986இல் தாய்லாந்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 2003இல் பர்மா பக்கமும் இருப்பது தெரிந்தது. அங்கேயும் எண்ணெய்ப்பனை பின்னாலேயே போய்விட்டது. இன்று அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் பறவைகளில் அதுவும் ஒன்று.

கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு 1930களின் கடைசியில் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் கையில் இருந்தது. யுத்தம் வந்து, அப்புறம் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்து, எல்லாம் போயிற்று. வந்து சேர்ந்தது தேக்குத் தூண்கள்தான். ஐயா அந்தத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பர்மாக் காட்டு மரத்துக்குக் கீழே உட்கார்ந்து பர்மாக் காட்டுப் பறவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது எழுதும்போது தோன்றுகிறது. காபி வந்தது, பேச்சு பேரன் வேலைக்குத் திரும்பிவிட்டது.

செவ்வாய்

காலையில் மழை ஈரத்தில் குருவி அம்மிக்கல்மேலேயே ஏறி நின்று கூவியது. இவ்வளவு வெட்டவெளியில் அது நிற்பது அபூர்வம். தலையை முதுகைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, ஒவ்வொரு கூவலுக்கும் உடம்பு முழுக்க ஒரு உதறல். படம் எடுத்தேன், கை ஆடிவிட்டது.

ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோதுதான் தெரிந்தது, தையில் வீட்டில் கல்யாணம். சிங்கப்பூர்ப் பங்காளியின் பெண். அத்தனை பேரும் வருகிறார்கள், அத்தனை பூட்டும் திறக்கப்போகிறது. பந்தி பின்பக்கம் என்று முடிவாகி, தோட்டத்தைச் சமப்படுத்த ஜேசிபிக்குச் சொல்லியாயிற்றாம்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பறவை சித்திரை வரை இருக்கும், அப்புறம்தான் வடக்கே கிளம்பும், அதுவரை தள்ளிவைக்க முடியுமா என்றேன். கேட்கும்போதே அசட்டுத்தனமாக இருந்தது. "முகூர்த்தத்தை குருவிக்காகத் தள்ளி வைக்கச் சொல்றியா தம்பி?" என்று ஆச்சி சிரித்தார். கோபமில்லை. இத்தனை வருசம் பூட்டிக் கிடந்த வீட்டில் அடுப்பெரியப் போகிறது என்ற சந்தோசம் அவருக்கு. அதைக் குறை சொல்ல நான் யார்?

செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி நிறையப் பேச்சு, நல்ல பேச்சும்கூட. வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, பெல்ஜியம் கண்ணாடி, நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மூன்றாங்கட்டுக்குப் பின்னால் கிடக்கும் சருகையும் யாராவது சேர்த்தால் தேவலை. புதுப்பித்து விடுதியாக்கிய ஒரு வீட்டை எட்டிப் பார்த்தேன். கட்டடத்தை அருமையாக மீட்டிருக்கிறார்கள். பின்னால் கொரியன் புல், நடுவில் ஊஞ்சல், மூலையில் வரிசையாகக் குரோட்டன்ஸ். ஒரு புழு கிடைக்காது.

அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "பந்தி கெணத்துக்கு இந்தப் பக்கமே போட்டுக்கலாம்னு பெரியவுகட்ட சொல்லிப் பாக்குறேன். நாரத்தை வரைக்கும் ஜேசிபி போக வேணாமுன்னு. கேப்பாகளான்னு தெரியல" என்றார். நாரத்தையின் பெயரைச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். ஊறுகாய் போடுகிற மரம்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும், வந்த புதிதிலும் கிளம்பும் முன்பும் அதிகம் கூவும். விடிவதற்கு அரைமணி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள், அசையாதீர்கள், பச்சை அல்லது பழுப்புச் சட்டை. ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கோயில்காட்டுக்குப் போனால் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டுக்குள் களைத்து விழுந்த பறவை கிடைத்தால் கூடையோ அட்டைப்பெட்டியோ போட்டு மூடி, இருட்டாக வைத்து, பூனையை அண்டவிடாமல், விடிந்ததும் மரமிருக்கும் பக்கம் திறந்துவிட்டால் போதும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். தங்குமிடம் தேடும்போது தோட்டம் கூட்டாத இடம் எது என்று கேளுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. முகூர்த்த மாதமென்றால் திரும்பும் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், எனக்கு நின்றுகொண்டு வரத்தான் வாய்த்தது.